நாற்பது தப்படி

ரோட்டுக்கும் வயசாகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மழை அரித்துவிட்டது, லாரி ஏறி உடைத்துவிட்டது என்பார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் தார் கிழடாகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்து அதற்குள் இருக்கிற பசையை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடுகின்றன. புதுத்தாரில் நகத்தை வைத்து அழுத்தினால் பதியும். எட்டு வருடத் தாரில் அழுத்தினால் நகம்தான் உடையும். அப்படி இறுகிப்போனது ஒருநாள் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். மற்றது உங்களுக்கே தெரியும், இந்தக் காவல் நிலைய வாசலிலேயே இரண்டு பள்ளம் இருக்கிறது.

நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியதற்குக் காரணம், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான். இருபத்து மூன்று வருடமாக ஆய்வுக்கூடத்தில் எண்களை எழுதிய கை. அடித்தல் திருத்தல் இருக்காது. இதே கை இதே நிலையத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் இன்னொரு வாக்குமூலமும் எழுதியிருக்கிறது. அதை உங்கள் பழைய வழக்குக் கட்டில் தேடினால் கிடைக்கும். அதன் அடியில் போட்ட கையெழுத்து மட்டும் வேறு ஆளுடையது.

என் வேலை தாரைக் கிழடாக்குவது. மனிதர்களைக் கிழடாக்கும் வேலையை எங்கள் மேலாளர் பார்த்துக்கொள்வார். நான் தாரைக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, சுழலும் அடுப்பில் நூற்று அறுபத்து மூன்று டிகிரியில் எண்பத்தைந்து நிமிடம் வைப்பேன். ரோடு போடுகிற அன்றைக்குத் தார் படும் பாடு அது. பிறகு தட்டில் ஊற்றி, கனமான இரும்புப் பாத்திரத்தில் அடைத்து, காற்றை அழுத்தி ஏற்றி, நூறு டிகிரியில் இருபது மணி நேரம். ஏழெட்டு வருட வெயிலை அந்த இருபது மணி நேரத்தில் காட்டிவிடலாம். வெளியே எடுத்து இளஞ்சூட்டுக்கு ஆறவைத்து, நூறு கிராம் எடையோடு ஓர் ஊசியை அதன் மேல் ஐந்து விநாடி விடுவேன். ஊசி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இளமை. புதுத்தாரில் அறுபத்தைந்து இறங்கும். கிழத்தாரில் இருபது இறங்கினால் பெரிய விஷயம்.

அந்த இருபதை ஐம்பதாக்க ஒரு மருந்து கண்டுபிடித்தேன். காகித ஆலைக் கழிவிலிருந்து எடுக்கிற பழுப்புப் பொடியும், பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சுத்தம் செய்து எடுத்ததும் சேர்ந்தது. பொடி காற்றைத் தடுக்கும், எண்ணெய் பசையைக் காக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் தலை முழுக்க வெளுத்துவிட்டது. "ரோட்டுக்கு நரை விழாம பாத்துக்கிறீங்க, சொந்தத் தலைக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா" என்று என் மனைவி கேலி செய்வாள். அலுவலகத்தில் எனக்கு ரோட்டு டாக்டர் என்று பெயர். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

அடுப்பில் என் மருந்து ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அடுப்பை யார் நம்புகிறார்கள்? ரோட்டில் போட்டுக் காட்டு, ஏழு வருடம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஏழு வருடம் முன்னால் ஒரு துண்டு ரோடு கொடுத்தார்கள். யாருக்கும் வேண்டாத துண்டு. மேட்டிலிருந்து இறங்கி வளைந்து போகிற இடம். மேலே ஒரு வெள்ளைக்கல், முழங்கால் உயரம், சுண்ணாம்பு அடித்தது. அதுதான் தொடக்கம். அங்கிருந்து கீழே நூற்று எண்பது தப்படி என்னுடையது. அதற்கு மேலும் கீழும் சாதாரண ரோடு.

கலவை போட்ட அன்று நான் செய்த முதல் காரியத்தையும் எழுதிவிடுகிறேன். மருந்தில் எண்ணெய் நாலு சதவீதம் இருக்கவேண்டும். நான் ஆறு போடச் சொன்னேன். வெளியே வெயில் அடுப்பைவிட முரடு, கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவதில்லையா, அந்த மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று படித்தவன்தான் நானும். பதிவேட்டில் நாலு என்றே எழுதினேன்.

இரண்டாவது கோடையில் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். மேலும் கீழும் இருந்த ரோடு சாம்பல் பூத்துக் கிடந்தது. என் துண்டு கருகருவென்று, நேற்றுப் போட்டது போல இருந்தது. குனிந்து விரலை வைத்தேன். விரல் பளபளத்தது. ரோடு வேர்த்திருந்தது.

கூடுதலாகப் போட்ட எண்ணெய் வெயிலில் மேலே ஏறி வந்திருந்தது. காய்ந்த நாளில் அதனால் ஒன்றுமில்லை. மழையின் முதல் அரைமணி நேரம் மட்டும் அதன்மேல் டயர் பிடிக்காது. என் அடுப்பில் எல்லாம் உண்டு, மழை மட்டும் கிடையாது. தாருக்கு என்ன ஆகும் என்று பன்னிரண்டு வருடம் பார்த்தவன், தாரின் மேல் போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு இது. ஊசியைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறது.

ரோட்டின் பிடிமானத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது. மூன்று காலில் நிற்கும், ஒரு கை ஊசலாடி, நுனியில் இருக்கும் ரப்பர் ஈர ரோட்டை உரசிக்கொண்டு போகும். எண் நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கவேண்டும். அதை இரவல் வாங்கிக்கொண்டு போய், வளைவில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அளந்தேன். முப்பத்தொன்று. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் முப்பத்தொன்று. அதை எங்கும் எழுதவில்லை.

எழுதியிருந்தால் மறுவாரமே சுரண்டி எடுத்திருப்பார்கள். அதோடு பன்னிரண்டு வருடமும் குப்பைக்குப் போயிருக்கும். இன்னொரு துண்டு ரோடு எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. நான் என்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வளைவில் நுண்மணல் தூவினேன். இரண்டு நாளில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மறுபடி தூவுவேன். ஒரு பால்காரர் மழையில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "என் மேலதான் தப்பு, பிரேக்கைச் சட்டுனு புடிச்சிட்டேன்" என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

இப்போது என் மச்சினனைப் பற்றிச் சொல்லவேண்டும். மனைவியின் தம்பி. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு ஒன்பது வயது. தாய் தகப்பன் இல்லை, எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அவனுக்கு சைக்கிள் பழக்கிக் கொடுத்தது நான். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து ஓரிடத்தில் கையை விட்டேன். விட்டது தெரியாமல் தெருமுனை வரை போனான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும்.

அவன் பஸ் டிரைவர் ஆனான். அந்த மேட்டு ரோடு அவனுடைய தடம்தான். காலையில் எட்டு மணிக்கு மேல் மேட்டிலிருந்து இறங்குவான். பதினோரு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அத்தான், உங்க வெள்ளைக்கல்லு எனக்கு ரொம்ப உபகாரம்."

"எப்படி?"

"அந்த இறக்கத்துல ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கல்லு சக்கரத்துக்கு நேரா வந்ததும் ரெண்டாவது கியர், பிரேக்ல கால். வளைவுக்கு வர்றப்போ வண்டி பூனை மாதிரி போகும். மழையிலயும் அப்படித்தான், கண்ணை மூடிட்டு இறக்கிருவேன்."

"கண்ணைத் திறந்தே ஓட்டுடா" என்றாள் அவன் அக்கா. சிரித்தோம். இதை எழுதுவதற்குக் காரணம், கல்லைப் பற்றி அவன் சொன்னது எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் எனக்குப் பரிந்து பேசக்கூடாது என்பதுதான். தெரியும்.

மூன்றாவது கோடை முடிகிற நேரத்தில், பிடிமானத்தை அளக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர்களுக்கு ஒரு முறை உண்டு. தொடக்கக் கல்லிலிருந்து நூற்று ஐம்பதாவது தப்படியில்தான் அளப்பார்கள். என் துண்டில் அது வளைவின் நடுவயிற்றில் வரும். முப்பத்தொன்று வந்த அதே இடம்.

நூற்று எண்பதாவது தப்படிக்குக் கீழே இருந்த சாதாரண ரோட்டில் அந்த வருடம்தான் புதுத்தார் போட்டிருந்தார்கள். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. இணைப்பு எங்கே என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, கடப்பாரையும் ஒற்றைச் சக்கர வண்டியும் எடுத்துப்போய், கல்லைப் பெயர்த்து நாற்பது தப்படி கீழே நட்டேன். நடுவில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி வழி கேட்டார், சொன்னேன். ஆரஞ்சுச் சட்டை போட்டவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். கல்லிலிருந்து நாடா பிடித்து எண்ணிக்கொண்டே நடந்தார். நூற்று ஐம்பதில் நின்றார். அது என் துண்டைத் தாண்டிப் பத்து தப்படி. தண்ணீர் ஊற்றி அளந்தார். ஐம்பத்திரண்டு. "நல்லா பண்ணிருக்கீங்க" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் கல்லைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். ரோட்டைக் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கல்லை அன்றே பழைய இடத்தில் நட்டிருக்கவேண்டும். ஆனால் பெயர்த்ததில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்து, "இந்த வயசுல எதைப் போய் தூக்கினீங்க" என்று திட்டினாள். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு அவளுடைய சித்தி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மழை வர இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று வானிலைச் செய்தியில் சொன்னார்கள். காய்ந்த ரோட்டில் நாற்பது தப்படி தள்ளி பிரேக் பிடித்தால் ஒன்றும் ஆகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

அந்த நாட்களில் ஒருமுறை அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"என்னன்னு தெரியல அத்தான், இப்பல்லாம் வளைவு சீக்கிரமா வந்துருது."

"தூக்கம் பத்தல உனக்கு."

"அப்படித்தான் இருக்கும்" என்றான். அவன் அக்கா அன்றைக்கு அவனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துச் சீக்கிரம் படுக்க அனுப்பினாள்.

பதினெட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை காலையில் மழை வந்தது. வானிலைக்காரர்கள் சொன்னதற்கு ஐந்து நாள் முந்திக்கொண்டு. மழையை நான் என்ன செய்ய முடியும்?

எட்டே காலுக்கு பஸ் வளைவில் வழுக்கி, ஓரத்துச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. நாலு பேர் போய்விட்டார்கள். இரவு வேலை முடித்துத் திரும்பிய ஒரு நர்ஸ். மில்லுக்குப் போன அண்ணன் தம்பி இருவர். முன் சீட்டில் உட்கார்ந்து என் மச்சினனோடு பேசிக்கொண்டே வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர். பதினாறு பேருக்குக் காயம். இவையெல்லாம் உங்கள் கட்டில் இருக்கும்.

ஆய்வுக்கூடத்துக்கு போன் வந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழே பஸ் ஒருக்களித்துக் கிடந்தது. கூட்டம் முழுக்கக் கீழே இருந்தது, கண்ணாடியை உடைத்து ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மச்சினன் தனியாக ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான், என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

நான் கீழே இறங்கவில்லை. ஜீப்பில் கடப்பாரையும் ஒற்றைச் சக்கர வண்டியும் ஆரஞ்சுச் சட்டையும் இருந்தன. சட்டையைப் போட்டுக்கொண்டேன். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. கல்லைப் பெயர்த்து, வண்டியில் ஏற்றி, நாற்பது தப்படி மேலே தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நட்டேன். ஏற்றம், இடுப்பு வேறு வலி. கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

கல் பதினெட்டு நாள் நின்ற இடத்தில் குழி ஒன்று மிஞ்சியது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இருக்கிற அவசரத்தில் யாராவது ஓடி வந்து அதில் காலை ஒடித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. சோதனைக்காக அன்று காலை கலக்கிய கலவை ஒரு டப்பா ஜீப்பில் இருந்தது, என் மருந்து போட்டது, இன்னும் வெதுவெதுப்பாக. தண்ணீரை இறைத்துவிட்டு அதைக் கொட்டி, கடப்பாரையின் அடிப்பக்கத்தால் இடித்து, மேலே மண்ணைத் தூவினேன். செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்துதான் எனக்குப் பழக்கம். அதன் பிறகு கீழே இறங்கிப் போய் அவன் தோளில் கை வைத்தேன்.

உங்கள் ஆட்கள் பதினோரு மணிக்கு நாடாவோடு வந்து அளந்தார்கள். கல் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. ரோட்டின் பிடிமானம் ஐம்பத்திரண்டு என்று இரண்டு வாரத்துக்கு முந்தைய சான்றிதழ் இருந்தது. பஸ்ஸின் பிரேக் சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது டிரைவர் ஒருவன்தான். நான் எங்கும் பொய்ச் சாட்சி சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். உறவுக்காரன் என்பதால் என்னை யாரும் கேட்கவும் இல்லை.

இந்த நிலையத்தின் பின்னறையில்தான் அவனைப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது.

"அத்தான், கல்லு நகர்ந்துருக்கு. சத்தியமா சொல்றேன். கல்லு வந்ததும் கால வச்சேன். வளைவு உடனே வந்துருச்சு."

"அளந்தாச்சு மாப்ள. கல்லு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"அப்ப என் கண்ணு?"

அவன் தன் கையைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "மூணு வருஷமா தெனம் பாத்த கல்லு" என்றான். "எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு, இல்ல?"

"மழையில அப்படித் தோணும்" என்றேன்.

வக்கீல், குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்றார். கல் நகர்ந்தது என்று சொன்னால் நீதிபதி கோபப்படுவார் என்றார். அதனால் அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தேன், தூக்கக் கலக்கத்தில் பிரேக் பிடிக்கத் தாமதித்தேன், நாலு உயிருக்கும் நானே பொறுப்பு. அவன் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். வழக்கு ஒரு வருடம் நடந்தது. இரண்டு வருடம் தண்டனை. மூன்று கிடைத்திருக்கவேண்டியது. ஒரு வருடம் குறைத்துக் கொடுத்தேன் என்று நினைத்து அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"அவன் வாயில பொய் வராதுங்க" என்று முதலில் அழுதுகொண்டிருந்த என் மனைவி, அவன் ஒத்துக்கொண்ட பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். "அவனே சொல்லிட்டானே" என்பாள். நர்ஸின் அம்மா ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். திட்டவில்லை. வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். என் மனைவி அன்றிலிருந்து வாசல் கதவைத் திறந்து வைப்பதில்லை.

சிறையிலிருந்து வந்து பத்து மாதம் ஆகிறது அவனுக்கு. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். வண்டி ஓட்டுவதில்லை. தெருவைக் கடக்க அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். தூரத்தில் வருவது பஸ்ஸா, பக்கத்தில் வந்துவிட்டதா என்று அவளைக் கேட்கிறான். கண் டாக்டரிடம் மூன்று முறை கூட்டிக்கொண்டு போனேன். பார்வை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். "அப்படித்தான் சொல்வாங்க" என்கிறான். முப்பத்தெட்டு வயசு. ஒரு டம்ளரை மேஜையில் வைப்பதற்கு முன்னால் மேஜையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.

போன மாதம் அவன் தனியாக அந்த மேட்டுக்குப் போயிருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை. கல்லிலிருந்து வளைவு வரைக்கும் ஒவ்வொரு அடியாக, கையால் தரையைத் தடவிக்கொண்டே நடந்திருக்கிறான். கண்ணை நம்பாதவன் வேறு எப்படித் தேடுவான்? திரும்பி வந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை மேஜையில் என் முன்னால் வைத்தான். உள்ளே கைப்பிடி அளவு கறுப்புக் கட்டி.

"கல்லுலேர்ந்து நாப்பது தப்படி அத்தான். ஓரத்துல மண்ணுக்குள்ள வட்டமா இருந்துச்சு. கல்லு சைஸுக்கு."

அவன் கட்டை விரலை அதில் அழுத்தினான். விரல் பதிந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

"எல்லாத் தாரும் நாலு வருஷத்துல இறுகிரும்னு நீங்கதான் சொல்வீங்க. இது வெயில்ல கிடந்துருக்கு, இன்னும் இப்படி இருக்கு. இது என்ன தாருன்னு பாத்துச் சொல்லுங்க அத்தான். நீங்க சொன்னா நான் நம்புவேன்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. அவன் நிஜமாகவே கேட்டான். "பாத்துச் சொல்றேன் மாப்ள" என்றேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் போன பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மழையில நீங்க வீட்டுக்கு வந்தப்போ சட்டை பூரா சுண்ணாம்பு. நான்தான் துவைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். நாலு வருடம் அந்தச் சட்டையை அவள் மனசில் வைத்துக்கொண்டு, எனக்கும் அவனுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறியிருக்கிறாள். அவளும்தான் என்ன செய்ய முடியும், பாவம்.

மறுநாள் கட்டியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். மற்ற எந்தத் தாராக இருந்தாலும் நாலு வருடத்தில் இறுகி, வெடித்து, மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். அவன் கைக்கு எதுவும் அகப்பட்டிருக்காது. குழியை வெறும் மண் போட்டு மூடியிருந்தாலும் அகப்பட்டிருக்காது. கரைப்பானில் ஊறவைத்துத் தாரைத் தனியே பிரித்தேன். ஊசியை விட்டேன். ஐம்பத்தெட்டு. நான் கடிகாரத்தைச் சரிபார்த்து மறுபடி விட்டேன். ஐம்பத்தெட்டுதான்.

அதன் அருமை உங்களுக்குப் புரியவேண்டும். நாலு கோடை, நாலு மழை, மேலே ஒரு நிழல் கிடையாது, உருளை போட்டு அழுத்தக்கூட இல்லை, கடப்பாரையால் இடித்தது. அப்படிக் கிடந்தும் அறுபத்தைந்திலிருந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் இறங்கியிருக்கிறது. உலகத்தில் எந்தச் சேர்மானமும் இதைச் செய்ததில்லை என்று நான் நினைக்கிறேன். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சந்தோஷத்தில்தான்.

மச்சினன் வெளியே பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்திருக்கிறான். என்ன தார் என்று இன்னும் அவனுக்கு நான் சொல்லவில்லை. உன் கண்ணில் கோளாறு இல்லை, கல் நகர்ந்துதான் இருந்தது, நகர்த்தியதும் திருப்பி வைத்ததும் நான், நாலு பேரைக் கொன்றதும் நான் என்று யாராவது அவனிடம் சொல்லவேண்டும். உறவுக்காரன் சொல்வதைவிட நீங்கள் சொல்வது முறையாக இருக்கும். அந்த வளைவில் மழைக்காலத்தில் வண்டியை விடாதீர்கள் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். சுரண்டி எடுப்பதானால் ஓரத்தில் ஒரு கைப்பிடியை எனக்காக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

நான் ஏன் இன்று வந்தேன் என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், பொய் இல்லை. ஆனால் ஒரு சின்ன உதவி வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை மாதிரிக்கான படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு, மாதிரி போட்ட இடம், போட்ட தேதி. அவை காலியாக இருந்தால் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு நான்தான் போட்டேன் என்பதற்கு இந்த வாக்குமூலத்தைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இதன் நகல் ஒன்றில் மட்டும் நிலைய முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுங்கள், படிவத்தோடு சேர்த்துத் தைத்துவிடுகிறேன்.